பச்சைக்கிடங்கின் அம்பலம்

கீழக்குயில்குடிக்கு மலை பார்க்க வருகிறவர்கள் தாமரைக் குளத்தங்கரையில் வண்டியை நிறுத்துவார்கள். அய்யனாரைக் கும்பிட்டுவிட்டு மேலே ஏறிச் சமணர் படுக்கையைப் பார்ப்பார்கள். இறங்கி வந்து குளத்தடியிலேயே சுண்டலோ ஐஸோ வாங்கித் தின்றுவிட்டு, வந்த வழியே மதுரைக்குத் திரும்பிவிடுவார்கள். மலையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாகப் போகிற வண்டிப்பாதையில் ரோகிணி மெஸ் என்று ஒன்று இருப்பது அவர்களில் ஒருத்தருக்கும் தெரியாது.

அந்தத் துண்டு நிலம் சிவக்குமாரின் அப்பா நல்லகாமன் விட்டுப்போனது. தண்ணீர் வற்றியதால் வெள்ளாமை இல்லை. சிவக்குமார் செல்லூரில் தறி ஷெட்டில் பதினெட்டு வயதிலிருந்து வேலை பார்த்தவன். ஒருநாள் வலது கை தறியில் மாட்டி, இரண்டு விரல்கள் மடங்காமல் போயின. கட்டுப் பிரித்த பிறகு அந்தக் கைக்கு நூல் முடிய வரவில்லை. செல்லூர்ச் சந்து வீட்டைக் காலி செய்துவிட்டுப் புருசனும் பொண்டாட்டியும் ஊருக்கு வந்தார்கள். இருந்த காசையெல்லாம் போட்டுத் தகரக் கொட்டகை எழுப்பி, நாலு பெஞ்சு வாங்கிப்போட்டு, ஆடி மாசத்தில் மெஸ் திறந்தாள் ரோகிணி.

அவள் கை மணம் செல்லூரில் பேர்போனது. ஆனால் கை மணம் மலையைத் தாண்டி வீசாது என்பது ஒரு மாதத்தில் தெரிந்துவிட்டது. காலையில் வைத்த குழம்பு மாலையில் அப்படியே இருக்கும். மறுநாள் குறைத்து வைத்தால் அதுவும் இருக்கும். சிவக்குமார் சட்டியைத் தூக்கிப்போய் நாய்களுக்கு ஊற்றிவிட்டு வருவான். அவன் பேசாமல் சட்டியைக் கழுவுகிற சத்தம்தான் அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

புரட்டாசியில் ஒரு மத்தியானம், வழி தவறி வந்த பைக் ஒன்று கொட்டகை முன்னால் நின்றது. பசுமலைப் பக்கம் கல்லூரியில் படிக்கிற பையன்கள் இரண்டு பேர். முன்னால் இருந்தவன் ஒல்லியாக, கண்ணாடி போட்டிருந்தான்.

"அக்கா, சாப்பிட ஏதாச்சும் இருக்கா?"

"எல்லாமே இருக்கு தம்பி. ஆளுதான் இல்ல."

அவன் சிரித்துவிட்டான். அவன் பெயர் விஸ்வநாத். முட்டை தோசை சாப்பிட்டான், பிறகு கூட்டாளியின் இலையிலிருந்த கறிக்கோலா உருண்டையைப் பார்த்து அதிலும் இரண்டு கேட்டான். "வீட்ல சொல்லிராதீங்க" என்றான், ஏதோ அவன் வீடு அவளுக்குத் தெரிந்த மாதிரி. கை கழுவிக்கொண்டே, "இம்புட்டு நல்லா சமைச்சுக்கிட்டு ஏன்க்கா இப்படி ஒளிஞ்சு உக்காந்திருக்கீங்க?" என்று கேட்டான்.

ரோகிணி கை துடைக்கத் துண்டை நீட்டினாள்.

அவன்தான் அவள் போனை வாங்கி 'இங்கன' என்கிற ஆப்பை இறக்கிக் கொடுத்தான். புதிதாக வந்தது. மதுரைப் பிள்ளைகள் எல்லாம் அதில்தான் கிடக்கிறார்கள் என்றான். ஓர் இடத்துக்குப் போனால் அதில் 'வந்துட்டேன்' என்று ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். உடனே சுற்றுவட்டாரத்தில் அந்த ஆப் வைத்திருக்கிற எல்லோருக்கும், இன்னார் இன்ன இடத்தில் இருக்கிறார் என்று போட்டோவோடு போய்ச்சேரும். இடத்துக்கு நேரில் வராமல் அமுக்க முடியாது. ஓர் இடத்தில் யார் அதிக நாள் 'வந்துட்டேன்' போடுகிறார்களோ, அவர்கள்தான் அந்த இடத்துக்கு அம்பலம். பெயருக்குப் பக்கத்தில் தலைப்பாகை கட்டின பொம்மை வரும்.

"அம்பலம்னா நம்ம ஊர்ப் பெரியாளு மாதிரியா?" என்றாள் ரோகிணி.

"ஆமாக்கா. இடத்தோட பேரு, போட்டோ எல்லாம் அம்பலம் வச்சதுதான் சட்டம். ரெண்டு வாரம் தலை காட்டலைன்னா பட்டம் போயிரும். பொழுதுபோகாதவன் பண்ணுன வேலை. ஆனா கூட்டம் வரும், பாருங்க."

கூட்டம் வந்தது. முதலில் அவன் வகுப்புப் பையன்கள். பிறகு பொம்பளப் பிள்ளைகள், ஸ்கூட்டியில் இரண்டு இரண்டு பேராக. விஸ்வா மெஸ்ஸுக்கு அம்பலம் ஆனான். அம்பலத்துக்கு ஒரு ஆம்லெட் இலவசம் என்று ரோகிணி அறிவித்தாள். அந்தப் பட்டத்துக்காகவே நாலைந்து பேர் போட்டி போட்டு வந்தார்கள். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் சட்டி காலியானது. ஒருநாள் சிவக்குமார் காலிச் சட்டியைக் கழுவிக்கொண்டே ஏதோ பாட்டை முணுமுணுத்தான். அடுப்படியில் நின்றிருந்த ரோகிணி கரண்டியை அசைக்காமல் கேட்டுக்கொண்டு நின்றாள்.

மார்கழியில் குளத்துச் சாலையில் ஒருத்தர் பெரிய கடை திறந்தார். வண்ண விளக்கு, ஊஞ்சல் நாற்காலி, முன்னால் நின்று படம் எடுக்கச் சுவரில் வரைந்த பெரிய இறக்கை எல்லாம் இருந்தன. பொங்கலுக்குள் ரோகிணி மெஸ் பழையபடி ஆகிவிட்டது. விஸ்வா மட்டும் வந்தான்.

"அங்க சாப்பாடு வாயில வைக்க முடியலக்கா" என்றான்.

"அப்புறம் ஏன் தம்பி அங்கயே போறாங்க?"

"சாப்பாட்டுக்காக யாரு வாரா? படம் எடுக்கணும். ஒரு எடம் வேணும்க்கா, எடம்."

அன்றைக்கு ரோகிணிக்குத் தூக்கம் வரவில்லை. விடிந்ததும் போனை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் கருவேலங்காட்டுக்குள் நடந்தாள். காட்டைத் தாண்டினால் பழைய கல்லுக்கிடங்கு. கல் வெட்டுவதை நிறுத்தி வருசக்கணக்காகிறது. மழைத் தண்ணீர் தேங்கி, மூன்று பக்கமும் செங்குத்தாக வெட்டின பாறைக்கு நடுவே பச்சைப் பசேலென்று கிடக்கும். காலை வெயில் பாறையில் பட்டுத் தண்ணீரில் ஆடியது. அவள் படம் எடுத்தாள். 'இங்கன'வில் புது இடம் என்று அமுக்கினாள். பெயர் கேட்டது. 'பச்சைக்கிடங்கு' என்று போட்டாள். கீழே, 'பக்கத்தில் ரோகிணி மெஸ்' என்று எழுதினாள்.

சிவக்குமார் அதைப் பார்த்ததும் முகம் மாறினான்.

"அது எம்புட்டு ஆழம்னு எங்கப்பனுக்கே தெரியாது. மாடு விழுந்து மிதக்காமலேயே போயிருக்கு."

"குளிக்கவா சொன்னேன்? பாத்துட்டுத்தான வரப்போறாங்க."

"பாத்துட்டு சும்மா வருவாங்களா ரோகிணி?"

"அப்ப நீங்களே சொல்லுங்க, நாயிக்கு ஊத்துறதுக்கு நான் எத்தனை நாளைக்கு ஆக்கணும்?"

அவன் சட்டியைக் கழுவப் போனான்.

தை மாசத்தில் மதுரையே கிளம்பி வந்தது போல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டிப்பாதையில் வண்டி நிறுத்த இடமில்லை. விஸ்வா கல்லூரி விட்டதும் தினமும் கிடங்குக்குப் போய்விட்டுத்தான் மெஸ்ஸுக்கு வருவான். கிடங்குக்கும் அவனே அம்பலம் ஆனான். அவனுக்கு நன்றாக நீச்சல் தெரியும். காசு கொடுத்து நீச்சல்குளத்தில் கற்றவன்.

நடுவில் ஒரு வாரம் யாரும் வரவில்லை. மேகமூட்டமா, பரீட்சையா தெரியாது. கறி வாங்கி வைத்திருந்தாள். போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலையும் அதையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது யாரோ பச்சைக்கிடங்கின் கீழே ஒரு கேள்வி போட்டிருந்தார்கள். 'இங்கே குளிக்கலாமா?'

வேண்டாம் என்று எழுதினால் அவர்கள் வரமாட்டார்கள். குளத்துச் சாலையோடு திரும்பிவிடுவார்கள். ரோகிணி அடுப்பில் இருந்த கறிச்சட்டியைப் பார்த்தாள். 'ஓரத்தில் குளிக்கலாம்' என்று எழுதினாள்.

கிடங்குக்கு ஓரம் கிடையாது. காலை வைத்தால் ஆழம். அது அவளுக்குத் தெரியும்.

மாசி மாசம் ஒரு சனிக்கிழமை. பெஞ்செல்லாம் ஆள் உட்கார்ந்திருந்தது. ரோகிணி கோலா உருண்டையை எண்ணெயில் போட்டுக்கொண்டிருந்தாள். நனைந்த கால்சட்டையோடு ஒருவன் ஓடிவந்தான். விஸ்வாவோடு எப்போதும் வருகிற பையன். பேச வாயைத் திறந்தான், பல் கிட்டித்துக்கொண்டது.

"அக்கா... விஸ்வா குதிச்சான். மேல வரலக்கா."

சிவக்குமார் கிணற்றுக் கயிற்றை அறுத்து எடுத்துக்கொண்டு ஓடினான். சாப்பிட்டவர்கள் எச்சில் கையோடு ஓடினார்கள். ரோகிணி ஓடும்போது முள் குத்திக் காலில் ரத்தம் வந்ததுகூடத் தெரியவில்லை. பாறை விளிம்பில் நின்று பார்த்தால் தண்ணீரில் ஒன்றுமே இல்லை. சின்ன அலைகூட இல்லை. சிவக்குமார் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினான். முங்கினான், மேலே வந்தான், மறுபடி முங்கினான். உள்ளே பாறை நீட்டிக்கொண்டிருக்கிறது, அதற்குக் கீழே கை எட்டவில்லை என்று கத்தினான். நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ, மேலிருந்தவர்கள்தான் அவனை இழுத்துப் போட்டார்கள்.

ரோகிணி பாறையில் உட்கார்ந்து தன் போனைப் பார்த்தாள். ஏன் பார்த்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. 'விஸ்வா இப்போது இங்கன இருக்கிறார்' என்று அது சொன்னது. தலைப்பாகைப் பொம்மையோடு அவன் சிரித்துக்கொண்டிருந்தான். வேறோர் இடத்தில் போய் 'வந்துட்டேன்' என்று அமுக்குகிற வரைக்கும் அது அப்படியேதான் சொல்லிக்கொண்டிருக்கும். சாயங்காலம் தீயணைப்பு வண்டி வந்தது. இருட்டியதும் நிறுத்திவிட்டு, விடிந்து மறுபடி இறங்கினார்கள். காலையில் எடுத்தார்கள். அதுவரைக்கும் அது சொல்லிக்கொண்டே இருந்தது.

பையனின் அப்பா கிருஷ்ணபிரசாத் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அம்மா பாறைமேல் மடித்து வைத்திருந்த மகனின் சட்டையையும் கண்ணாடியையும் போனையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. ரோகிணியால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

போலீஸ் வருவதற்குள் அவள் கருவேல மரத்துக்குப் பின்னால் போய், 'ஓரத்தில் குளிக்கலாம்' என்பதை அழித்தாள். இடத்தையே அழிக்கப் பார்த்தாள், முடியவில்லை. போட்டது அவளாக இருந்தாலும் இப்போது அம்பலம் வேறு ஆள்.

"இந்த எடத்தை ஆப்புல போட்டது யாரும்மா?" என்று எஸ்.ஐ. மலையாண்டி கேட்டார்.

ரோகிணி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். சிவக்குமார்தான் சொன்னான். "தெரியலைங்கய்யா. பசங்க போட்டிருப்பாங்க." சொல்லிவிட்டு அவளைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு பல நாள் அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

கடையை மூடிவிட்டால் எல்லாம் அடங்கிவிடும் என்று நினைத்தாள். அடங்கவில்லை. செய்தி பரவியது. பையன் செத்த கிடங்கைப் பார்க்கவென்று அதுவரை வராத கூட்டம் வந்தது. செத்தவன் பெயருக்குப் பக்கத்தில் தலைப்பாகை இருப்பதைப் படம் எடுத்து அனுப்பினார்கள். "அம்பலம் இன்னும் உள்ளதான் இருக்காரு" என்று ஒருத்தன் எழுத, அதற்கு நூறு பேர் சிரித்திருந்தார்கள். மூடின கடையின் தகரத்தைத் தட்டி, "சாப்பாடு இல்லையா?" என்று கேட்டார்கள். போன வருசம் இந்தக் கூட்டத்தில் கால்வாசி வந்திருந்தால் அவள் சாமிக்குக் கெடா வெட்டியிருப்பாள். இப்போது உள்ளே சுவரோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டு, தட்டுகிற சத்தம் ஓயட்டும் என்று காதைப் பொத்திக்கொண்டாள்.

அவர்களில் சிலர் குளித்தார்கள்.

சிவக்குமார் கருவேல முள்ளை வெட்டி வழியை அடைத்தான். ஒதுக்கிவிட்டுப் போனார்கள். ஊராட்சி அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தான். நிலம் யார் பேரில் என்று பார்க்க வேண்டும், வேலி போட மேலே கேட்க வேண்டும், பொறுங்கள் என்றார்கள். ரோகிணி ஆப்காரர்களுக்கு எழுதினாள். தமிழில் எழுதினாள், தெரிந்தவரைக்கும் இங்கிலீஷில் எழுதினாள். இந்த இடத்தை எடுத்துவிடுங்கள், ஆள் செத்திருக்கிறது என்று எழுதினாள். ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது. 'வாழ்த்துகள் ரோகிணி! நீங்கள் சேர்த்த பச்சைக்கிடங்கு இந்த வாரம் மதுரையில் அதிகம் பேர் வந்த இடங்களில் ஒன்று!'

அந்தப் பதிலை அவள் சிவக்குமாரிடம் நீட்டினாள். அவன் படித்துவிட்டுப் போனைத் திருப்பித் தந்தான்.

"அம்பலம்தான் மாத்த முடியும்னு அந்தப் பையன் சொன்னான்ல" என்றாள் அவள். "பேரை மாத்தி, போட்டோவை மாத்தி, வராதீங்கன்னு போட்டா?"

"அம்பலம்தான் செத்துப்போச்சே."

"நான் ஆகுறேன்."

விஸ்வா பேரில் இருந்த நாட்களை அவள் தாண்ட வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் சேரும். இரண்டு வாரம் ஆளே காணாவிட்டால் பட்டம் போய்விடும் என்று அவன் சொல்லியிருந்தான். ஆனால் அவன் பட்டம் போகவில்லை. அவன் இன்னும் அங்கேயே இருப்பதாகத்தானே அது நினைத்துக்கொண்டிருக்கிறது.

அன்றிலிருந்து தினமும் விடியக்காலம் ரோகிணி கிடங்குக்குப் போனாள். பாறை விளிம்பில் நிற்பாள். தண்ணீரைப் பார்க்காமல் போனை மட்டும் பார்த்து 'வந்துட்டேன்' என்று அமுக்குவாள். 'ரோகிணி இப்போது இங்கன இருக்கிறார்' என்று வரும். அதற்கு மேலே அவன். பங்குனி போய்ச் சித்திரை வந்தது. அழகர் ஆற்றில் இறங்கியதற்கு ஊரே போயிருந்த அன்றைக்கும் அவள் கிடங்குக்குத்தான் போனாள். காய்ச்சல் வந்த அன்றைக்குச் சிவக்குமார் ஒன்றும் கேட்காமல் அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனான். ஒருநாள் வராவிட்டாலும் அந்த ஒருநாளில் இன்னொருத்தன் குதித்துவிடுவான் என்று அவளுக்குப் பட்டது. வெயில் ஏற ஏற வருகிறவர்கள் கூடினார்கள். துண்டு, சோப்பு, சோற்றுப் பொட்டலத்தோடு வந்தார்கள். அவள் கையெடுத்துக் கும்பிட்டுத் தடுப்பாள். "பைத்தியம் போல" என்று அவள் காதுபடச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

வைகாசியில் ஒரு காலை. அவள் பாறைக்குப் போனபோது அங்கே ஏற்கெனவே ஒருத்தி நின்றிருந்தாள். அலுவலகத்துக்குப் போகிற மாதிரி பருத்திச் சேலை, தோளில் பை. ரோகிணிக்கு முதுகைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. திரும்பி ஓடிவிடலாம் என்று கால் சொன்னது. ஓடவில்லை.

அந்த அம்மாள் திரும்பினாள்.

"நீங்கதானே ரோகிணி?"

"ஆமாம்மா."

"நான் மைத்ரேயி. விஸ்வாவோட அம்மா." பையிலிருந்து ஒரு போனை எடுத்தாள். மகனுடையது. "இதை நான் அணைக்கறதே இல்லை. சார்ஜ் போட்டு வச்சிண்டே இருப்பேன். நேத்து சாயங்காலம் இது வந்தது. படிங்க."

ரோகிணி படித்தாள். 'விஸ்வா, உன் அம்பலம் பட்டம் பறிபோகப் போகிறது! ரோகிணி உன்னை நெருங்கிவிட்டார். உடனே இங்கன வா.'

"உடனே வான்னு கூப்பிடறது" என்றாள் மைத்ரேயி. "அவன் பேர் இருக்கறது இந்த ஒரு இடத்துலதான். காலேஜ்ல எடுத்துட்டா. ரேஷன் கார்டுல எடுத்துட்டா. இதுலயும் நீங்க எடுக்கணுமா? உங்க கடைக்கு இன்னும் கூட்டம் போதலையா?"

"கடை மூடியாச்சும்மா. அன்னைக்கே மூடியாச்சு."

"பின்னே எதுக்கு இது?"

ரோகிணி சொன்னாள். ஆப்காரர்கள் பதிலைக் காட்டினாள். முள் அடைத்தது, ஊராட்சிக்கு எழுதினது, கும்பிட்டுத் தடுத்தது எல்லாம் சொன்னாள். "இன்னொரு தாய் வயிறு எரியக் கூடாதும்மா" என்று சொல்லவந்து, அதைச் சொல்லத் தனக்கு என்ன வாய் இருக்கிறது என்று நிறுத்திக்கொண்டாள்.

மைத்ரேயி கேட்டுக்கொண்டே நின்றாள். பிறகு, "குளிக்கலாமான்னு ஒருத்தர் கேட்டிருந்தார்" என்றாள்.

ரோகிணி தரையைப் பார்த்தாள்.

"நீங்க அழிச்சுட்டேள். அவனோட ஃப்ரெண்ட் அதுக்கு முன்னாடியே அதைப் படம் எடுத்து வச்சிருந்தான். காரியம் முடிஞ்ச அன்னைக்கு எங்கிட்ட காட்டினான்."

"போலீஸ்ல சொல்லலையாம்மா?"

"சொல்லி?" மைத்ரேயி பச்சைத் தண்ணீரைப் பார்த்தாள். "அவனுக்கு ஆழம்னு தெரியாதா? நீங்க எழுதாமலே குதிச்சிண்டுதான் இருந்தான். எனக்கு அது தெரியும். ஆனா ராத்திரி படுத்தா உங்க எழுத்துதான் முன்னாடி வந்து நிக்கறது. என்ன பண்ணச் சொல்றேள்?"

ரோகிணி அப்படியே பாறையில் உட்கார்ந்தாள். அந்த அம்மாள் அடித்திருந்தால் தேவலை என்று இருந்தது. மீன்கொத்தி ஒன்று தண்ணீரில் விழுந்து எழுந்து போனது.

"உங்க கடைல அவன் என்ன சாப்பிடுவான்?" என்றாள் மைத்ரேயி.

ரோகிணி தயங்கினாள். "முட்டை தோசைம்மா. அப்புறம்... கோலா உருண்டை."

"தெரியும். சட்டைல வாசனை வரும். நான் கேட்டதே இல்லை." அவள் மகனின் போனில் விரலை வைத்தாள். திறந்தது. "என் விரலும் இதுல பதிஞ்சிருக்கு. எனக்கு எதுவும் தெரியாதுன்னு அவன்தான் பதிஞ்சு வச்சான். கரண்ட் பில் கட்ட." 'இங்கன'வைத் திறந்தாள். "பேரை அம்பலம்தானே மாத்தணும்?"

"ஆமாம்மா."

"அவன்தானே இன்னும் அம்பலம்?"

ரோகிணி தலையை நிமிர்த்திப் பார்த்தாள்.

பாறைமேல் வெயிலில் திரை தெரியவில்லை. இருவரும் கருவேல நிழலுக்கு வந்து உட்கார்ந்தார்கள். எதை எங்கே அமுக்க வேண்டும் என்று ரோகிணி காட்டினாள். பெயர் என்று இருந்த இடத்தில் மைத்ரேயி ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடித்தாள். 'இங்கே குளித்து என் பிள்ளை விஸ்வநாத் இறந்துபோனான். வராதீர்கள்.' போட்டோ கேட்டது. கண்ணாடி போட்டுச் சிரிக்கிற படங்களாகத் தள்ளிக்கொண்டே போனாள். ஒன்றிலும் நிற்கவில்லை. கடைசியில் பையிலிருந்து மாலை போட்ட படத்தின் சின்ன நகல் ஒன்றை எடுத்து ஒரு கல்லின்மேல் வைத்தாள். கை ஆடியதால் படம் கலங்கி வந்தது. ரோகிணி பேசாமல் அந்த நகலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அப்புறம்தான் சரியாக விழுந்தது.

மைத்ரேயி அமுக்கினாள். பெயர் மாறியது. 'விஸ்வா இப்போது இங்கன இருக்கிறார்' என்பதற்குக் கீழே அந்தப் படம் வந்தது.

"நீங்க இனிமே அமுக்காதீங்க" என்றாள் அவள், எழுந்துகொண்டே. "அவன் பேர் இருக்கட்டும். அது போகாம நான் பாத்துக்கறேன்." நாலடி போய்த் திரும்பினாள். "நான் உங்களை மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதீங்க."

"நெனைக்கலம்மா" என்றாள் ரோகிணி.

கூட்டம் நின்றுவிடவில்லை, ஆனால் குறைந்தது. வழியிலேயே போனைப் பார்த்துவிட்டுத் திரும்புகிற வண்டிகளை ரோகிணி கொட்டகை வாசலில் இருந்தே பார்த்தாள். சிவக்குமார் மறுபடி செல்லூருக்குப் போனான். தறி ஓட்ட முடியாவிட்டாலும் ஷெட்டில் பாவு நூல் சுமக்க ஆள் வேண்டியிருந்தது. ரோகிணி பசுமலையில் ஒரு ஹாஸ்டலில் சமையலுக்குச் சேர்ந்தாள். கொட்டகைத் தகரத்தைப் பிரித்து விற்றார்கள். பிரித்த அன்றைக்கு, பல மாதத்துக்குப் பிறகு சிவக்குமார் அவள் முகத்தைப் பார்த்து, "சாப்பிட்டியா?" என்று கேட்டான். அவள் குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மைத்ரேயி வருவாள். கிடங்கின் மேட்டில் உட்கார்ந்து மகன் பேரில் 'வந்துட்டேன்' என்று அமுக்குவாள். ரோகிணியும் அன்றைக்கு ஹாஸ்டலில் விடுப்புச் சொல்லிவிட்டு வழியில் நிற்பாள். இரண்டு பேருக்கும் நடுவில் கருவேலங்காடு இருக்கும். ஒவ்வொரு வாரமும் ரோகிணி போய், "தண்ணி கொண்டாரட்டாம்மா?" என்று கேட்பாள். மைத்ரேயி வேண்டாம் என்று தலையாட்டுவாள்.

ஆனி மாசத்தில் ஒரு ஞாயிறு, ரோகிணியைத் தாண்டிக்கொண்டு மூன்று பையன்கள் போய்விட்டார்கள். கையில் துண்டு. அவள் பின்னாலேயே ஓடினாள். அவர்கள் மேட்டுக்குப் போய்விட்டிருந்தார்கள். மைத்ரேயி எழுந்து அவர்கள் முன்னால் நின்றிருந்தாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அவர்களில் ஒருவன் கண்ணாடி போட்டு ஒல்லியாக இருந்தான். அவனைப் பார்த்ததும் அவளுக்குச் சத்தம் வரவில்லை. வாய் மட்டும் திறந்து மூடியது.

"படிச்சோம் ஆன்ட்டி" என்றான் ஒருவன், சங்கடமாக. "எங்களுக்கு நீச்சல் தெரியும். ஓரத்துலதான் குளிப்போம்."

"ஓரமே இல்லப்பா" என்றாள் ரோகிணி. மூச்சு வாங்கியது. "ஓரம் இருக்குன்னு நான்தான் அதுல எழுதிவச்சேன். கடைக்கு ஆளு வரணும்னு எழுதுனேன். பொய் அது. இவுக பிள்ளை இதுக்குள்ளதான் செத்துச்சு. என் வீட்டுக்காரரு முங்கித் தேடி, கைக்குச் சிக்கல. காலையில எடுத்தாங்க. போயிருங்கப்பா."

பையன்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். கண்ணாடிக்காரன் முதலில் திரும்பினான். மற்ற இருவரும் கொஞ்சம் நின்று, தண்ணீரை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, அவன் பின்னால் போனார்கள். கருவேலங்காட்டுக்கு அப்பால் பைக் கிளம்புகிற சத்தம் கேட்டது.

மைத்ரேயி மெதுவாகப் பாறையில் உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அடுத்த வாரம் என்னால வர முடியாது" என்றாள், ரோகிணியைப் பார்க்காமல். "ஆபீஸ்ல ஆடிட். நீங்க நிப்பேளா?"

"நிப்பேம்மா" என்றாள் ரோகிணி.